காயாத காம்பரா

அந்தோனிமுத்து தன் கல்யாணச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டது 1949ஆம் ஆண்டு மே மாதம். அது காய்ந்தது 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம். இடைப்பட்ட காலத்தில் அரிசி விலை பலமுறை ஏறி இறங்கியது. தோட்டத்துக்கு நான்கு துரைமார் வந்து போனார்கள். ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை எழுந்தது. சட்டை மட்டும் அதே கொடியில், அதே ஈரத்தோடு, சொட்டாமலும் உலராமலும் தொங்கிக்கொண்டிருந்தது.

வட்டப்பாறைத் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட மலைகளில் இருக்கிறது. அதன் ஆற்றோர லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஆறாவது காம்பராவில் அந்தோனிமுத்துவும் திம்புள்ளப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த சிசிலியும் குடியிருந்தார்கள். அந்த மே மாதத்திலிருந்து அந்தக் காம்பராவில் எதுவும் காயவில்லை. உப்பு நீரானது. நெருப்புக்குச்சி உரசினால் மருந்து சேறாக வழிந்தது. கடையில் சருகாக வாங்கி வந்த மிளகாய் மறுநாள் பழமாகிச் சிவந்தது. ஒருமுறை கருவாடு வாலை அசைத்ததாகப் பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா சொன்னாள். சிசிலி அதற்குள் அதைக் குழம்பு வைத்துவிட்டதால் யாரும் சரிபார்க்க முடியவில்லை. விநோதம் என்னவென்றால் எதுவும் அழுகவும் இல்லை, பூஞ்சணமும் பிடிக்கவில்லை. குளிரும் உள்ளே வரவில்லை. தையில் ஆற்றங்கரைப் புல் வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்துக் கிடக்கும்போதும் அந்தக் காம்பரா அடைகாக்கும் கோழியின் வயிற்றடி போல ஒரே இளஞ்சூட்டில் இருந்தது. தம்பதியின் மூன்று பிள்ளைகளும் அந்த ஈரத்திலேயே பிறந்து, ஒரு தும்மல்கூடப் போடாமல் வளர்ந்தன.

காரணம் யாருக்கும் தெரியவில்லை. முந்தின வருஷம்தான் புதுச் சட்டம் வந்து தோட்டத்து ஆட்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சங்கத்துத் தலைவர் விளக்கினார். கோவில் பூசாரி வந்து திருநீறு போட்டார், அது சுவரில் குழைந்து சந்தனம்போல ஒட்டிக்கொண்டது. ஹட்டனிலிருந்து மாதாகோவில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அதுவும் காயவில்லை.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் ஊர் பழகிப்போயிருக்கும். அந்தோனிமுத்துவின் வேலைதான் பேச்சுக்கு இடம் கொடுத்தது. அவன் ஸ்டோர் என்னும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் காய வைக்கும் அடுப்புக்குப் பொறுப்பானவன். உருட்டிப் புளிக்க வைத்த கொழுந்து அவன் கையில்தான் கறுத்துச் சுருண்டு தேயிலையாகும். ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு மூச்சு வேக வேண்டுமா, போதுமா என்று அவனால் சொல்ல முடியும். அப்படிப்பட்டவன் ஸ்டோரில் உலர்ந்த சட்டையோடு புறப்பட்டு, தன் வாசற்படியில் கால் வைத்ததும் ஈரச் சட்டையோடு நின்றான்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் தேயில காய வைக்கிற மகராசனுக்கு ஒரு கோமணம் காய வைக்கத் துப்பில்ல," என்று பேச்சியம்மா பீலிக்கரையில் தண்ணீர் பிடித்தபடி சொல்வாள். கேட்டும் கேட்காதது போல அவன் போவான்.

கல்யாணச் சட்டையை ஸ்டோருக்கு எடுத்துப் போயிருந்தால் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் காய்ந்திருக்கும். சிசிலி அதைத்தான் சொன்னாள். அவன் மாட்டேன் என்றான். "காஞ்சா இந்தக் காம்பராவுலதான் காயணும். அது வரைக்கும் அது கொடியிலேயே கெடக்கட்டும்." பிடிவாதத்தில் அவனை வெல்ல அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. அடுப்புக்கரியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தரையில் பரப்பினான். சுண்ணாம்பு பூசினான். புகைபோக்கியை உயர்த்தினான். கூரைத் தகரத்தில் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே இறக்கினான். வெயில் உள்ளே வந்தது, வந்த வெயிலும் ஈரமாக இருந்தது. கரித்தூள் சேறான பிறகு சிசிலி அதை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, "அடுத்தது என்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

லயத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் ஐந்து பலா மரங்கள் நின்றன. யார் நட்டதென்று தெரியாது. அந்த உயரத்துக் குளிரில் பலா சரியாக வராது என்பார்கள், ஆனால் ஆற்றுப் பள்ளத்தில் காற்றுக்கு ஒதுங்கி நின்ற அந்த ஐந்தும் அடி முதல் நுனி வரை காய்த்தன. 1954இல் வேலைநிறுத்தம் நீண்டு, அரிசி நின்றபோது, லயம் முழுவதும் அந்த மரங்களைச் சாப்பிட்டது. பிஞ்சைக் கறியாகவும் காயை அவித்தும் கொட்டையைச் சுட்டும் தின்றார்கள். அந்தோனிமுத்துவின் மூத்த மகள் பால் மறந்து முதலில் தின்ற சோறு பலாக்கொட்டை மசியல்தான். வேலைநிறுத்தம் முடிந்து அரிசி வந்த பிறகும் மரத்தடியைக் கடக்கும்போது பெண்கள் தலையில் போட்ட கொங்காணியை ஒரு கணம் இறக்கிக்கொண்டார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

1961இல் செய்தி வந்தது. ஆற்றில் அணை கட்டப் போகிறார்கள், பள்ளம் முழுவதும் தண்ணீருக்கடியில் போகும். மேட்டில், காற்று வீசும் மொட்டை முகட்டில், புது லயம் கட்டித் தருவார்கள். பெண்கள் முகட்டை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒரு கொய்யா மரம்கூட இல்லை. பீலிக்கரையில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்: பலா மேலே வர வேண்டும். கன்றாகக் கொண்டு போனால் ஆணிவேர் முறிந்து செத்துவிடும், கொட்டையாகத்தான் ஊன்ற வேண்டும். ஆனால் முகட்டில் இயந்திரங்கள் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தன. அவசரப்பட்டு ஊன்றிய சிலவற்றை அவை முதல் வாரத்திலேயே வழித்துத் தள்ளின. லயம் கட்டி முடியும் வரை கொட்டையை உயிரோடு வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறுமுன் மரங்களைக் குத்தகை எடுத்த கொந்தரப்புக்காரர் பலகைக்கு வெட்டப் போவதாகவும் பேச்சு. அதற்குப் பிறகு கொட்டைக்கு எங்கே போவது?

பேச்சியம்மாதான் அந்தோனிமுத்துவிடம் வந்தாள். இந்த முறை கேலி செய்யவில்லை. "தம்பி, ஒரு பொருளக் கெடாம வைக்கிறதுல ஒன்ன விட்டா தோட்டத்துல யாரு இருக்கா? தேயிலய லண்டனுக்கே அனுப்புற ஆளு நீ. இது நம்ம புள்ளைகளுக்குச் சோறு."

"நா வச்சுத் தர்றேங்க்கா," என்றான். எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னான். அவனைப் பொறுத்தவரை அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கெடுவது ஈரத்தால், நிற்பது காய்வதால். பதினான்கு வயதிலிருந்து ஸ்டோரில் கற்ற ஒரே பாடம் அது.

அந்த ஆண்டுப் பழங்களின் கொட்டைகளைக் கழுவி, ஸ்டோருக்கு எடுத்துப் போய், தேயிலைக்குச் செய்வதுபோலவே செய்தான். கொழுந்தை வாட்டும் மாடியில் முதலில் பரப்பினான். பிறகு அடுப்புக்கு விட்டான், தேயிலையின் சூட்டில் அல்ல, அதில் பாதியில், கை பொறுக்கும் சூட்டில். கொட்டைகள் மணி மணியாகக் காய்ந்தன. உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் கூழாங்கல் போல ஒலித்தன. ஈயத்தாள் விரித்த தேயிலைப் பெட்டியில் அடுக்கி மூடினான். மறு வருஷம் ஒரு பிடியை எடுத்து லயத்துக்குப் பின்னால் ஊன்றிப் பார்த்தான். மழை பெய்தது, புல் முளைத்தது, களை முளைத்தது. கொட்டைகள் மண்ணுக்குள் கூழாங்கல்லாகவே கிடந்தன. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஊன்றினான். ஒன்றுகூட எழவில்லை.

சூடுதான் கொன்றது என்று அவன் முடிவு செய்தான். அப்படியானால் குளிர். துரை பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. பங்களாச் சமையற்காரன் பத்திநாதன் அவனுக்கு மச்சான் முறை. 1962ஆம் ஆண்டுக் கொட்டைகள், லேசாக நிழலில் உலர்த்தப்பட்டு, துரையின் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் இடையில் குடியேறின. சில வாரங்களில் பத்திநாதன் மூச்சிரைக்க இறங்கி வந்தான்.

"மச்சான், தொரசானி கேக்குறா, வெண்ணெக்குப் பக்கத்துல இது என்ன முட்டன்னு. காட்டுக்கோழி முட்டன்னு சொல்லிட்டேன்."

"நல்லாத்தான் சொன்ன."

"என்னத்த நல்லா? ஞாயித்துக்கெழம அவிச்சுக் கொண்டாங்கிறா. நா எங்க போயிக் காட்டுக்கோழியப் புடிப்பேன்?"

எப்படியோ அவன் சமாளித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பங்களா விருந்தில் பேச்சியம்மாவின் கோழி ஒன்று இட்ட முட்டைகள் பரிமாறப்பட்டன என்று பிறகு தெரிந்தது. கொட்டைகள் மாதக்கணக்கில் குளிரில் இருந்தன. வெளியே எடுத்தபோது பார்க்க அப்படியே இருந்தன. ஊன்றிய சில நாட்களில் தோண்டிப் பார்த்தபோது கண்ணாடிபோல நிறம் மாறி, விரல் பட்டதும் கூழாகப் பிதுங்கின. அந்தோனிமுத்து விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டு குழியை மூடினான். காய்ந்தாலும் சாகிறது, குளிர்ந்தாலும் சாகிறது. இப்படி ஒரு பொருளை அவன் பார்த்ததில்லை.

1963 ஆடியில் கடைசிக் காய்ப்பு. பழம் பறித்து முடிந்ததும் வாள்காரர்கள் வந்து ஐந்து மரங்களையும் வெட்டினார்கள். மஞ்சள் பலகைகள் லொறியில் போயின. பள்ளத்தில் பால் பிசின் வாசனை மட்டும் பல நாட்கள் நின்றது. கடைசிக் கொட்டைகள் நான்கு கூடைகளில் அவனது வாசல் இஸ்தோப்பில் இருந்தன. வைக்கும் வழி எதுவும் அவனிடம் இல்லை. அந்த வாரம்தான் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா வந்து, ஸ்டோர் ஆள் என்பதால் புது லயத்தின் முதல் காம்பரா அவனுக்கு என்றும், உடனே ஏறலாம் என்றும் சொன்னார். சிசிலி அன்றே சாமான் கட்டத் தொடங்கினாள்.

அம்மிக்கல்லை நகர்த்தியபோது அதன் அடியில் மூன்று பலாக்கொட்டைகள் கிடந்தன. இரண்டு வருஷத்துக்கு முன், ஸ்டோருக்குப் போகுமுன் கூடையிலிருந்து உருண்டவை. அவள் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். வெள்ளையாக, ஈரமாக, நேற்று உரித்ததுபோல இருந்தது. முளைக்கவும் இல்லை, சாகவும் இல்லை. மற்ற இரண்டையும் அந்தோனிமுத்து உடைந்த சட்டியில் மண் போட்டு வெளியே வைத்தான். ஆடி முடிவதற்குள் இரண்டும் மண்ணை முட்டிக்கொண்டு எழுந்தன.

அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. சட்டியைப் பார்த்தபடி இருந்தவன் கடைசியில் சொன்னான்: "தேயிலயச் சாகடிச்சுட்டுத்தான் காய வைக்கிறோம் புள்ள. நா இதையும் அப்படித்தான் பண்ணியிருக்கேன். வச்சிருக்கல, கொன்னு வச்சிருக்கேன்."

"சரி, கண்டுபுடிச்சாச்சுல்ல. கூடையெல்லாம் உள்ள எடுத்து வையுங்க. நாம மேல போவோம்."

"நாம போயிட்டா இங்க ஈரம் நிக்குமா?"

சிசிலி கயிற்றை முடிச்சுப் போடுவதை நிறுத்தினாள்.

"ஈரம் காம்பராவோடதா, நம்மளோடதான்னு யாரு கண்டா?" என்றான் அவன். "நம்மளோட அதுவும் கெளம்பிருச்சுன்னா? இல்ல, நாம கொட்டயோட மேல போயி, ஈரம் இங்கேயே நின்னுருச்சுன்னா?"

"பதினாலு வருசமா ஈரச் சீலயக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறேன். கொழுந்துப் பொம்பளைக எல்லாம் மழையில நனைவாளுக, நா வீட்டுலயிருந்தே நனைஞ்சு வர்றேன். இப்பத்தான் ஒருத்தன் காஞ்ச காம்பரா குடுக்கிறான்."

"வேணாங்கல. முகட்டுல மண்ணப் பொரட்டி முடியட்டும், அடுத்த மழ வரட்டுங்கிறேன்."

அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் பலமாகச் சத்தம் போட்டன. பிறகு திரும்பி வந்து, கட்டிய மூட்டையை அவிழ்த்து, முதல் கூடையைத் தானே தூக்கி அம்மியருகே வைத்தாள். "மேல போனா மொத நெருப்புக்குச்சிய நாந்தான் கொளுத்துவேன். பெட்டி முழுசும். நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

"பேசல."

ஆகவே 1963 ஆடி முதல் அந்தக் காம்பராவில் ஐந்து மனிதர்களும் நான்கு கூடைக் கொட்டைகளும் குடியிருந்தன. புது வருஷத்தில் மற்ற ஒன்பது குடும்பங்களும் மேலே ஏறின. ஆசாரிமார் வந்து கூரைத் தகரங்களைக் கழற்றினார்கள். ஆறாவது காம்பராவின் மேல் ஆணிகள் ஈரத்தில் ஊறித் தகரத்தோடு ஒன்றாகிவிட்டிருந்ததால் குறடு வழுக்கிக்கொண்டே இருந்தது. திட்டிவிட்டுப் போனார்கள். கூரையில்லாத வரிசையில் அது ஒன்று மட்டும் தொப்பி போட்டு நின்றது. அந்தத் தையில் பள்ளத்துக் குளிர் முன்னெப்போதும் இல்லாதபடி இருந்தது. வெட்டிய பலா அடிமரங்களின் மேல்கூட உறைபனி படிந்தது. கொட்டைகள் சாக்குக்கு அடியில் இளஞ்சூட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கையை நுழைத்தால் தூங்கும் பிள்ளையின் கழுத்தடி போல இருக்கும். பேச்சியம்மா தினமும் முகட்டிலிருந்து இறங்கி வந்து, கேலி செய்வதாகச் சொல்லிக்கொண்டு, காலைச் சாக்குக்குள் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மேல எப்படிக்கா?" என்று சிசிலி கேட்பாள்.

"எல்லாம் காயுது. துணி காயுது, தொண்ட காயுது, காத்துல மூஞ்சி காயுது. ஒரு எலயில்ல அந்த முகட்டுல. சீக்கிரம் கொண்டாந்து ஊனுங்க."

முகட்டில் பெண்கள் குழிகளை வெட்டி, சாணமும் சருகும் போட்டு மூடி, காத்திருந்தார்கள். மழைதான் வரவில்லை. சித்திரையில் அணையின் கதவுகளை இறக்கினார்கள். ஆறு பின்னோக்கி நடந்து வந்தது. முதலில் பலா அடிமரங்கள் மறைந்தன, பிறகு பீலிக்கரை, பிறகு லயத்துச் சாக்கடைக் கான். கண்டாக்கையா வந்து சத்தம் போட்டார். துரை ஆள் அனுப்பினார். காய்ந்த முகட்டில் ஊன்றினால் இத்தனை மாதமும் வீண் என்று அந்தோனிமுத்து ஒரே பதிலைச் சொன்னான். தண்ணீர் மற்ற ஒன்பது காம்பராக்களுக்குள்ளும் புகுந்தது. ஆறாவதின் வாசற்படியில் வந்து நின்றது. அங்கே சில நாட்கள் அப்படியே நின்றது. உள்ளே ஏற்கனவே ஈரம் இருந்ததால் தண்ணீர் நுழையத் தயங்கியதாக லயத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

வைகாசி பிறந்த அன்று காலையில் மேற்கே இடி கேட்டது. முகட்டிலிருந்து பெண்கள், அன்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல், பாதை நெடுகக் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கொட்டைகளைக் கொழுந்துக் கூடைகளில் மாற்றி, நனைந்த சாக்கு போர்த்தி, முழங்கால் தண்ணீரில் நின்றபடி சிசிலி முதல் கையில் கொடுத்தாள். கூடைகள் மலையேறின. கடைசிக் கூடையோடு அவர்கள் இருவரும் ஏறும்போது பேச்சியம்மா மேலிருந்து கத்தினாள்: "தம்பி, சட்டைய எடுக்கலியா?"

"இன்னும் காயலக்கா," என்றான் அந்தோனிமுத்து.

மழை முகட்டில் அவர்களோடு சேர்ந்தே வந்து இறங்கியது. மாலைக்குள் எல்லாக் குழியிலும் கொட்டை விழுந்தது. அதே மாலையில் தண்ணீர் தயக்கத்தை விட்டு உள்ளே போனது. தகரக் கூரை மெல்ல மறைந்ததை மேலிருந்து பார்த்தார்கள். புதுக் காம்பராவில் சிசிலி ஒரு நெருப்புப்பெட்டி முழுவதையும் ஒவ்வொரு குச்சியாகக் கொளுத்தித் தீர்த்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தக் காம்பராவில் எல்லாம் மற்ற வீடுகளில் காய்வதுபோலக் காய்ந்தது. ஈரம் அவர்களோடு வரவில்லை.

கொட்டைகளில் அணில் தின்றது போக மற்றவை முளைத்தன. பெண்கள் காற்றுக்குச் சாக்கு மறைப்புக் கட்டினார்கள். ஐப்பசியில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அதன் பிறகு சிலர் கன்றுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "காய்க்க ஏழெட்டு வருசமாகும். அப்ப யாரு இருப்பா, யாரு திம்பா?" என்றாள் பேச்சியம்மா, தன் மகன் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்த வாரத்தில்.

"இருக்கிறவுங்க திம்பாங்க. அந்தப் பக்கத்துக் கன்னுக்கு ஊத்துனீங்களா இல்லையா?" என்றாள் சிசிலி. பேச்சியம்மா போய் ஊற்றினாள்.

1966இன் தொடக்கத்தில் மழை பொய்த்தது. அணைத் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கி, மார்ச்சில் ஆற்றோர லயம் வெளியே வந்தது. தோட்டமே இறங்கிப் பார்க்கப் போனது. கூரையற்ற காம்பராக்களில் முழங்கால் சேறு, அடுப்புகளில் மீன் குஞ்சுகள், சுவர்களில் பாசி. ஆறாவது காம்பராவின் கதவைத் தள்ளியபோது தூசி பறந்தது. தரை வெடித்துக் கிடந்தது. மூலையில் சிசிலி விட்டுப்போன நெருப்புப்பெட்டி இருந்தது. பேச்சியம்மா ஒரு குச்சியை உரசினாள், பற்றிக்கொண்டது. கொடியில் சட்டை மொடமொடவென்று காய்ந்து, கைகளை விரித்தபடி தொங்கியது. வெளியில் எங்கும் ஈரம், இத்தனை நாள் தண்ணீருக்கடியில் கிடந்த இது மட்டும் எப்படிக் காய்ந்தது என்று ஓரிருவர் பேசத் தொடங்கினார்கள். இருந்த ஈரத்தையெல்லாம் கொட்டைகள் குடித்துவிட்டுப் போய்விட்டன என்றார் பூசாரி. இருக்கலாம் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

"இஸ்திரி போட்ட மாதிரில்ல இருக்கு," என்றாள் பேச்சியம்மா.

அந்தோனிமுத்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். வயிற்றில் ஒரு பொத்தான் பூட்ட மறுத்தது. அணையில் மிச்சமிருந்த தண்ணீரில் இரண்டு தகர டின்களை நிரப்பி, காவடியாகத் தோளில் ஏற்றி, முகட்டுக்கு நடந்தான். அங்கே கன்றுகள் அவன் இடுப்புக்கு மேல் வளர்ந்து, வறட்சியில் இலை தொங்கி நின்றன. சிசிலியும் மற்றவர்களும் பின்னால் தண்ணீரோடு ஏறினார்கள். அன்று பகல் முழுவதும் ஏறி இறங்கி ஊற்றினார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. மாலையில் சிசிலி அதைத் துவைத்துப் புது லயத்துக் கொடியில் போட்டாள். காலையில் காய்ந்திருந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.